தடையில்லாத தடை: அவசர கருத்தடை மாத்திரையும் கும்மிடிப்பூண்டியின் இளம்பெண்களும்

கும்மிடிப்பூண்டியில் வடக்கே போகும் ரயிலில் ஏறினால் எளாவூர், ஆரம்பாக்கம், மூன்றாவதாகத் தடா. ஆரம்பாக்கத்தோடு தமிழ்நாடு முடிகிறது. தடா ஆந்திரத்தில் இருக்கிறது. எல்லைக்கு இருபுறமும் மருந்து விற்பனையை ஆள்வது ஒரே மத்தியச் சட்டம், 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம். அந்தச் சட்டத்தின்படி மருத்துவர் சீட்டு இல்லாமலே வாங்கக்கூடிய ஒரு மாத்திரை இருக்கிறது. நாட்டின் பிற பகுதிகளில் அதை ‘ஐ-பில்’ என்றோ ‘அன்வான்டட்-72’ என்றோ பெயர் சொல்லிக் கேட்டு, சுமார் நூறு ரூபாய் கொடுத்து வாங்கிவிடலாம். தமிழ்நாட்டு மெடிக்கல் கடையில் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், “அது இங்க விக்கிறதில்லம்மா” என்பதுதான்.

சிப்காட் ஆலைகளில் வேலை பார்க்க ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வந்து தங்கும் மாவட்டம் திருவள்ளூர். கும்மிடிப்பூண்டி, தேர்வாய்க்கண்டிகை, காக்களூர் தொழிற்பேட்டைகளும், பூந்தமல்லியைச் சுற்றிய விடுதிகளும் இவர்களால் நிறைந்திருக்கின்றன. பத்தொன்பது, இருபது வயதில் வீட்டைவிட்டு வந்து, முதல் சம்பளம் வாங்கி, ஊருக்குப் பணம் அனுப்புகிறவர்கள். காதலும் திருமணமும் உறவும் இந்த வயதில்தான் இவர்கள் வாழ்வில் நுழைகின்றன. சட்டம் தடுக்காத ஒரு மருந்து இவர்களுக்கு ஏன் எட்டுவதில்லை, அதனால் இவர்கள் எதை இழக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இந்த மருந்து மணிக்கணக்கில் வலுவிழப்பது. இந்தப் பெண்களின் வாழ்க்கையும் மணிக்கணக்கில் அளந்து கொடுக்கப்படுவது. இந்த இரண்டு கணக்குகளும் மோதும் இடத்தில்தான் விடை இருக்கிறது.

மாத்திரை செய்வது என்ன

அவசர கருத்தடை மாத்திரையில் இருப்பது லெவோனார்ஜெஸ்ட்ரல் என்னும் ஹார்மோன், 1.5 மில்லிகிராம். முன்பு 0.75 மில்லிகிராம் வீதம் பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் இரண்டு மாத்திரைகள் தந்தார்கள். இரண்டையும் ஒரே வேளையில் எடுத்தாலும் பலன் குறைவதில்லை என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2002-இல் காட்டியபின் ஒற்றை மாத்திரை வழக்கத்துக்கு வந்தது.

இதன் முதன்மையான வேலை, சினைப்பையிலிருந்து முட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடுவது. ஆணின் விந்தணு பெண்ணுடலில் ஐந்து நாள்வரை உயிரோடு இருக்கும். அந்த நாட்களில் முட்டை வராமல் பார்த்துக்கொண்டால் கரு உருவாக வழியில்லை. முட்டை ஏற்கெனவே வெளியேறிவிட்டால் மாத்திரையால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. கரு தங்கிவிட்டால் அதைக் கலைக்கவும் முடியாது. அந்தக் கருவுக்குத் தீங்கும் செய்யாது. கருக்கலைப்புக்குத் தரப்படும் மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் வேறு மருந்துகள். அவற்றை மருத்துவர் மேற்பார்வையில்தான் எடுக்க வேண்டும். ‘கலைக்கிற மாத்திரை’ என்று இரண்டையும் ஒன்றாகச் சொல்லும் பேச்சுவழக்கில்தான் பாதிக் குழப்பம் தொடங்குகிறது.

1998-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் சோதனையில் லெவோனார்ஜெஸ்ட்ரல் எடுத்த 976 பெண்களில் 11 பேர் மட்டுமே கருவுற்றார்கள். மாத்திரை இல்லாவிட்டால் எத்தனை பேர் கருவுற்றிருப்பார்கள் என்று கணக்கிட்டு, அதில் எவ்வளவு தடுக்கப்பட்டது என்றும் பார்த்தார்கள். முதல் 24 மணி நேரத்துக்குள் எடுத்தவர்களிடம் 95%, அடுத்த 24 மணி நேரத்தில் 85%, அதற்கடுத்த 24 மணி நேரத்தில் 58%. பின்னாளில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சரிவு இவ்வளவு செங்குத்தாக இல்லை என்று தெரிந்தது. ஆனாலும் அறிவுரை மாறவில்லை: எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. முட்டை எந்த மணியில் வெளியேறும் என்று யாருக்கும் தெரியாது. காத்திருக்கும் ஒவ்வொரு மணியும் அதற்கு வழிவிடும் மணி.

கடையிலிருந்து மறைந்த கதை

2001 ஜனவரியில் டெல்லி எய்ம்ஸில் மருத்துவ வல்லுநர்கள் கூடி அவசர கருத்தடை குறித்து ஒருமித்த கருத்துக்கு வந்தார்கள். அதையடுத்து இந்த மாத்திரை தேசியக் குடும்பநலத் திட்டத்துக்குள் வந்தது. 2005-இல் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கலாம் என்று மத்திய அரசு அனுமதித்தது. 2007-இல் சிப்லா நிறுவனம் ‘ஐ-பில்’லை அறிமுகப்படுத்தி, தொலைக்காட்சி விளம்பரங்கள் மூலம் வீட்டுக்கு வீடு கொண்டுபோனது.

தமிழ்நாடு வேறு வழியில் போனது. 2006 வாக்கில் இத்தகைய மாத்திரைகளின் விளம்பரங்கள் ஒழுக்கக்கேட்டைத் தூண்டுகின்றன என்று இங்கே எதிர்ப்பு எழுந்தது. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை விளம்பரங்கள் மீது நடவடிக்கையில் இறங்க, கடைக்காரர்கள் சரக்கையே எடுத்துவிட்டார்கள். கருக்கலைப்பு மாத்திரைகளைச் சீட்டில்லாமல் விற்ற கடைகள் மீது நடந்த சோதனைகள் இந்த அச்சத்தை இன்னும் வளர்த்தன. எது கருத்தடை, எது கருக்கலைப்பு என்று பிரித்துப் பார்க்கும் சிரமத்தைவிட இரண்டையும் வைக்காமல் இருப்பது கடைக்காரருக்குச் சுலபமாக இருந்தது. பின்னர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர்கள் கேட்டபோது, அப்படியொரு தடை இல்லை என்று பதில் வந்தது. மருந்துக்கடைகளில் ஆறு மாநிலங்களில் நடந்து 2020-இல் வெளிவந்த ஆய்வொன்றில், தமிழ்நாட்டில் மிகச் சொற்பமான கடைகளே இந்த மாத்திரையை வைத்திருந்தன. கடைக்காரர்களில் பெரும்பாலோர் அது தடைசெய்யப்பட்ட மருந்து என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அரசாணை எதுவும் இல்லாமல் ஒரு தடை ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. எழுத்தில் உள்ள தடையை எதிர்த்து வழக்குப் போடலாம். வாய்வழியாக வாழும் தடையை எதிர்த்து யாரிடம் மனு கொடுப்பது?

இதே கடைகளில் இன்னொரு காட்சியையும் பார்க்கலாம். ஆடி மாதம் கூழ் ஊற்றும் நாளோ, குலதெய்வக் கோயில் பயணமோ, வீட்டில் கல்யாணமோ வந்தால், “நாள் தள்ளிப்போட மாத்திரை கொடுங்க” என்று கேட்கிறார்கள். நோரெதிஸ்டிரோன் என்ற அந்த மருந்தும் ஹார்மோன்தான். லெவோனார்ஜெஸ்ட்ரல் சேர்ந்த புரோஜெஸ்டோஜென் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஒரு வேளையோடு முடிவதில்லை. தினம் இரண்டு மூன்று வேளை, நாள்கணக்கில் எடுக்க வேண்டும். மருத்துவர் சீட்டோடு விற்கவேண்டிய அது, பல கடைகளில் பெயரைச் சொன்னாலே கைக்கு வருகிறது. அம்மாவே மகளுக்கு வாங்கிக் கொடுக்கிறாள். யாரும் கண்ணைக் கீழே போடுவதில்லை. ஹார்மோன் மாத்திரை பெண்ணுடலுக்கு ஆபத்து என்பதுதான் மறுப்புக்குக் காரணமென்றால், நாள் தள்ளிப்போடும் மாத்திரையையும் அதே கவனத்தோடு கொடுக்க வேண்டுமே. கோயிலுக்காகக் கேட்டால் உதவி. தனக்காகக் கேட்டால் சந்தேகம்.

ஒரு மணிக்கணக்கு

விடுதியில் தங்கி ஆலை வேலைக்குப் போகும் ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். அவள் கணவனோடு இருந்திருக்கலாம், காதலனோடு இருந்திருக்கலாம். ஆணுறை கிழிந்திருக்கலாம், இல்லாமலே இருந்திருக்கலாம். நேரம் சனிக்கிழமை இரவு பத்து மணி.

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு விடுதிக்குப் பக்கத்து மெடிக்கல் கடைக்குப் போகிறாள். இரண்டு ஆண்கள் நிற்கிறார்கள், அதில் ஒருவர் விடுதிக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர். தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்புகிறாள். கடந்தது 13 மணி நேரம். மாலை ஐந்துக்குக் கொஞ்சம் தூரத்துக் கடையில் கேட்டுவிடுகிறாள். “இல்லம்மா.” 19 மணி நேரம். திங்கள் காலை ஆறு மணி ஷிப்ட். கம்பெனி பஸ் நாலரைக்கே வந்துவிடும். கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவதால் உள்ளே யாரையும் கேட்க வழியில்லை. இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து விடுதிக்கு வரும்போது மூன்றரை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காலைப் புறநோயாளிப் பிரிவு முடிந்திருக்கும். மூன்றாவது கடையில் “டாக்டர் சீட்டு இருக்கா?” என்கிறார்கள். 41 மணி நேரம் தாண்டிவிட்டது. செவ்வாய்க்கிழமை லீவு போட்டால் ஒரு நாள் சம்பளமும் மாத வருகை ஊக்கத்தொகையும் போகும். போட்டுவிட்டே சுகாதார நிலையத்துக்குப் போகிறாள். காலை பத்து மணி. 60 மணி நேரம். “கல்யாணம் ஆயிடுச்சா?” என்பது அங்கே அவள் சந்திக்கும் முதல் கேள்வியாக இருக்கலாம்.

95 விழுக்காட்டுக்காரியாக இருந்திருக்க வேண்டியவள் இப்போது 58 விழுக்காட்டுக்காரி. இதில் யாரும் அவளைத் திட்டவில்லை, யாரும் விரட்டவில்லை. ஒவ்வொருவரும் சில மணி நேரம் எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை தடாவுக்கு ரயில் ஏறியிருந்தால் மதியத்துக்குள் வேலை முடிந்திருக்கும். அது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். போக ஒரு காரணம் சொல்லி விடுதி நோட்டில் கையெழுத்துப் போடவும் முடிய வேண்டும்.

விடுதி என்பது என்னவென்று 2021 டிசம்பரில் நாடே பார்த்தது. ஐபோன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் தொழிலாளர்கள் தங்கியிருந்த, இதே மாவட்டத்தின் பூந்தமல்லிப் பகுதி விடுதியில் உணவு நஞ்சாகி நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சக தொழிலாளிகள் என்ன ஆனார்கள் என்று தெரியாமல் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவே சாலைக்கு வரவேண்டியிருந்தவர்கள், இந்த மாத்திரையைப் பற்றி யாரிடம் வாய் திறப்பார்கள்?

கருவுற்றால் வேலை என்னாகும் என்ற பயமும் காரணமில்லாததல்ல. ஸ்ரீபெரும்புதூர் அருகேயுள்ள அந்த ஃபாக்ஸ்கான் ஆலையில் மணமான பெண்களை வேலைக்குச் சேர்ப்பது தவிர்க்கப்படுவதாக 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் புலனாய்வுச் செய்தி வெளியிட்டது. நிறுவனம் பாகுபாட்டுக் குற்றச்சாட்டை மறுத்தது. தேசிய மனித உரிமை ஆணையம் விளக்கம் கேட்டது. பெண்ணின் கருப்பையை வேலைக்கு எடுப்பவர் கணக்கில் வைக்கிறார் என்ற எண்ணம் தொழிலாளிகளிடையே பரவ இதுபோன்ற ஒரு செய்தி போதும்.

பதிவேட்டில் இல்லாதவள்

குடும்பக் கட்டுப்பாட்டில் தமிழ்நாட்டுக்கு நெடிய பெருமை உண்டு. சென்னையில் 1928-லேயே நியோ மால்தூசியன் சங்கம் தொடங்கப்பட்டது. பெரியார் ‘குடி அரசு’ ஏட்டில் கருத்தடைக்காகத் தொடர்ந்து எழுதினார். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில் அதற்கென்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. நாட்டின் பொருளாதாரத்துக்காகவும் தாயின் உடல்நலத்துக்காகவும் மற்றவர்கள் கருத்தடையை ஆதரித்தபோது, பெண் சுதந்திரமாக வாழ அது தேவை என்பதைத் தன் காரணமாக அவர் முன்வைத்தார். 1956-இல் அறுவைச் சிகிச்சைக்கு ஊக்கத்தொகை கொடுக்கத் தொடங்கிய சென்னை மாநிலம் அதில் நாட்டுக்கே முன்னோடி.

அரசுத் திட்டமாக வளர்ந்தது மக்கள்தொகைக் கணக்கு. பெரியார் சொன்ன காரணம் மேடைகளில் தங்கிவிட்டது. 2019–21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகள் 1.8. மணமான பெண்களில் 57.8% பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். மாத்திரை, ஆணுறை போன்ற தற்காலிக முறைகளைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு. கல்யாணம், இரண்டு குழந்தை, ஆபரேஷன் என்ற வரிசையில் வருகிறவளுக்கு இங்கே எல்லாம் தயார். அந்த வரிசைக்கு முன்னால் நிற்கிறவளுக்கு, இன்னும் மணமாகாதவளுக்கு, மணமாகி முதல் குழந்தையைத் தள்ளிப்போட நினைப்பவளுக்கு, கைகொடுக்க ஆளில்லை.

இது அலுவலகத் தாளிலேயே தெரிகிறது. கிராம சுகாதார செவிலியர் வைத்திருப்பது ‘தகுதியுள்ள தம்பதியர்’ பதிவேடு. மனைவியின் வயது 15 முதல் 49 வரையுள்ள குடும்பங்கள் அதில் வருகின்றன. கருத்தடைச் சாதனங்களின் தேவையும் விநியோகமும் அதையொட்டியே நகர்கின்றன. அரசின் இலவச அவசர கருத்தடை மாத்திரையும் இந்தத் தடத்தில்தான் வருகிறது. விடுதியில் தங்கும் மணமாகாத பெண் அந்தப் பதிவேட்டில் இல்லை. மணமாகி வேலைக்கு வந்தவளின் பெயர் சொந்த ஊர்ப் பதிவேட்டில் இருக்கும், கும்மிடிப்பூண்டியில் இருக்காது. ஒடிசாவிலிருந்து செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு வந்தவளுக்கு ஊரும் இல்லை, மொழியும் இல்லை. இந்த மாத்திரை யாருக்கு அதிகம் தேவையோ அவர்களெல்லாம் பதிவேட்டுக்கு வெளியே இருக்கிறார்கள்.

பயமும் அதன் மூலமும்

இந்தியாவில் கல்லூரி மாணவிகளிடம் நடந்த பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் முடிவு இது: மாத்திரையின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் உண்டு, எத்தனை மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும், எப்படி வேலை செய்கிறது என்று சரியாகச் சொல்பவர்கள் குறைவு. அந்த இடைவெளியைப் பேச்சு நிரப்புகிறது. ‘கர்ப்பப்பை கெட்டுடும்’, ‘பின்னாடி குழந்தையே தங்காது’ என்ற பேச்சு முதலாவது. ‘நல்ல பொண்ணுக்கு இது எதுக்கு’ என்பது இரண்டாவது. மாத்திரை கிடைக்காதபோது பப்பாளிக்காய், எள்ளும் வெல்லமும், அன்னாசி என்று பாட்டி காலத்துப் பட்டியல் திறக்கிறது. இவற்றால் கரு உருவாவதைத் தடுக்க முடியாது. போகும் மணி நேரம் மட்டும் போய்விடுகிறது.

முதல் பயத்துக்குத் தெளிவான பதில் உண்டு. இந்த மாத்திரையால் மலட்டுத்தன்மை வருவதில்லை. குமட்டல், தலைவலி, களைப்பு வரலாம். அடுத்த மாதவிடாய் சில நாள் முந்தலாம், பிந்தலாம். எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் மறுபடி எடுக்க வேண்டும். மாதவிடாய் ஒரு வாரத்துக்கு மேல் தள்ளிப்போனால் கர்ப்பப் பரிசோதனை அவசியம். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், சில வலிப்பு மருந்துகள் எடுப்பவர்களுக்கும், உடல் எடை மிக அதிகமுள்ளவர்களுக்கும் இதன் வலு குறையலாம். அவர்கள் மருத்துவரைப் பார்ப்பது நல்லது. ஐந்து நாளுக்குள் காப்பர்-டி பொருத்திக்கொண்டால் 99 விழுக்காட்டுக்கும் மேல் பலன் உண்டு என்பதை நம் ஊரில் யாரும் சொல்லித்தருவதில்லை.

மகப்பேறு மருத்துவர்கள் சொல்லும் எச்சரிக்கையிலும் நியாயம் இருக்கிறது. இது மாதாமாதம் நம்பியிருக்கும் முறையல்ல. தொடர்ந்து உறவில் இருப்பவர்களுக்கு ஆணுறை, தினசரி மாத்திரை, அரசு தரும் ‘அந்தரா’ ஊசி, ‘சாயா’ மாத்திரை ஆகியவை இதைவிட நம்பகமானவை. பால்வினை நோயிலிருந்து இது காக்காது. ஆனால் இந்த எச்சரிக்கைகளை ஒரு பெண் கேட்க வேண்டுமென்றால், மாத்திரையைக் கேட்டு வந்தவளை உட்காரவைத்துப் பேச வேண்டும். கையை விரித்து அனுப்பிவிட்டால் அந்தப் பேச்சுக்கே இடமில்லாமல் போகிறது.

மறுத்து அனுப்பப்பட்டவள் எங்கே போகிறாள்? 2015-இல் இந்தியாவில் சுமார் 1.56 கோடி கருக்கலைப்புகள் நடந்ததாகவும், அவற்றில் 73% மருத்துவமனைக்கு வெளியே மாத்திரைகளால் நடந்ததாகவும் ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ ஆய்வு மதிப்பிட்டது. மாத்திரை ஒன்றைத் தர மறுக்கும் ஊரில் அடுத்த மாதம் அவள் தேடுவது இன்னும் கனமான ஒன்றை. 1971-ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 2021-இல் திருத்தப்பட்டபோது, கருத்தடை தோற்றதைப் பற்றிய பகுதியில் ‘கணவர்’ என்ற சொல் இருந்த இடத்தில் ‘துணைவர்’ வந்தது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம், மணமாகாத பெண்ணுக்கும் இதில் சம உரிமை என்றது. சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. மெடிக்கல் கடை 2006-லேயே நிற்கிறது.

பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களை எண்ணிப் பார்த்தால் இதன் கனம் இன்னும் கூடும். மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல் அவர்களுக்கு அவசர கருத்தடை தரச் சொல்கிறது. ஆனால் காவல் நிலையத்துக்கோ பெரிய மருத்துவமனைக்கோ போகத் துணியாமல், விடுதி அறையில் வாய்மூடிக் கிடக்கும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எட்டக்கூடிய ஒரே கதவு தெருமுனைக் கடை.

செய்யக்கூடியவை

இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், பெரிய நிதியும் வேண்டாம். இந்த மாத்திரைக்குத் தடையில்லை என்று மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒரு பக்கச் சுற்றறிக்கை அனுப்பி, கடைகளில் ஒட்டச் சொல்லலாம். கருத்தடை மாத்திரைக்கும் கருக்கலைப்பு மாத்திரைக்கும் உள்ள வேறுபாட்டை மருந்தாளுநர்களுக்கு அதே தாளில் விளக்கலாம். ஐந்நூறு பேருக்கு மேல் வேலை பார்க்கும் ஆலையில் ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் முதல் உள்ள விதி. அந்த அறையின் செவிலியரிடம் இந்த மாத்திரையும், பெயர் எழுதாமல் தரும் அனுமதியும் இருந்தால் திங்கட்கிழமை காலை ஷிப்டிலேயே வேலை முடிந்துவிடும். ஆலைகளுக்கே போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் ‘தொழிலாளர்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இதற்கும் ஓர் இடம் கொடுக்கலாம். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பைத் திறந்த அரசுக்கு, அத்தகைய வளாகங்களில் மாலை நேரச் செவிலியர் ஒருவரை உட்காரவைப்பது கடினமான காரியமல்ல. சிப்காட் பகுதிச் சுகாதார நிலையங்களில் பதிவேட்டைப் பார்க்காமல், மணமானவரா என்று கேட்காமல் தருவதற்கு ஓர் உத்தரவு போதும்.

வேலையில் சேரும் முதல் நாள் பயிற்சியில் அந்தப் பெண்களுக்கு எல்லாம் சொல்லித்தருகிறார்கள்: தலைக்கவசம் எப்படி மாட்டுவது, தீப்பிடித்தால் எந்த வாசலால் ஓடுவது, இயந்திரத்தில் கை சிக்கினால் எந்தப் பொத்தானை அழுத்துவது. ஆபத்து வரும் என்று யாரையும் சந்தேகப்பட்டு அதைச் சொல்லித்தருவதில்லை. வந்தால் ஒரு நொடியும் வீணாகக் கூடாது என்பதற்காகச் சொல்லித்தருகிறார்கள். அந்தப் பட்டியலின் கடைசியில், இந்த மாத்திரை எங்கே கிடைக்கும், எவ்வளவு சீக்கிரம் எடுக்க வேண்டும் என்ற இரண்டு வரிகளையும் சேர்த்துச் சொன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைவலி மாத்திரையோடு திரும்பி வருகிற பெண்ணுக்கு நாற்பத்தேழு மணி நேரம் மிச்சமாகும்.